பொடக்காலிக் கோழிக்கு மார்கழிப் பனி: படுதா எங்கே கட்டுவது, பல்பு யாருக்குப் போடுவது

பல்லடம் பக்கம் ஒரு கறிக்கோழிக் கம்பெனியில் பதினோரு வருடம் சூப்பர்வைசராக இருந்தவன் நான். ஒரு நாளைக்கு ஆறேழு பண்ணை ஏறி இறங்குவேன். ஐயாயிரம் குஞ்சு வந்து இறங்கும் இரவுகளில் கரி அடுப்பு மூட்டி, படுதா ஏற்றி, விடிய விடியக் கண் விழித்திருக்கிறேன். அந்தத் தெம்பில்தான், வேலையை விட்டுவிட்டு காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கே வந்து சேர்ந்த முதல் வருடம், பொடக்காலியில், அதாவது வீட்டுப் புழக்கடையில், ஐம்பது நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கி விட்டேன். அப்போது கார்த்திகை. மார்கழி பிறப்பதற்குள் பத்தொன்பது குஞ்சு போய்விட்டது. தை முடிவதற்குள், அம்மா ஏற்கெனவே வளர்த்துக்கொண்டிருந்த பெரிய கோழிகளிலும் நான்கு சளி பிடித்துச் செத்தன.

அம்மா திட்டவில்லை. "ஏஞ்சாமி, அத்தன கோழியப் பாத்தவனுக்கு நாலு கோழி பாக்கத் தெரியலையா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

இப்போது எட்டாவது பனிக்காலம் ஓடுகிறது. முப்பத்தைந்து உருப்படி நிற்கிறது. பனியால் ஒரு கோழி செத்து ஐந்தாறு வருடம் ஆகிறது. நான் செய்த தப்புகளையும், அதற்கப்புறம் மாற்றிக்கொண்டதையும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்க் குளிருக்கு வளர்ந்த கோழி சாகாது. கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். நம்மைவிட நான்கு டிகிரி அதிகம். அதற்கு மேல் இறகு என்று ஒரு மெத்தையைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. இறகைச் சிலுப்பி உப்பிக்கொண்டு உட்காரும்போது, இறகுக்கு நடுவில் காற்று அடைபட்டு, அந்தக் காற்றுதான் போர்வையாக வேலை செய்கிறது. எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டர் மார்கழி விடியக்காலத்தில் 17, 18 காட்டும். ஒரே ஒரு நாள் 15 காட்டியது. பனிக்கட்டி விழுகிற தேசங்களிலேயே ஹீட்டர் இல்லாமல் கோழி வளர்க்கிறார்கள். நம் 17 டிகிரி அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அப்படியானால் பனிக்காலத்தில் ஏன் சாகிறது? இறகு நனைந்தால் அந்தப் போர்வை போச்சு. உடம்பின் மேல் நேராகக் காற்று அடித்தால் அடைபட்ட சூட்டை அள்ளிக்கொண்டு போகும். இந்த இரண்டுக்கும் பயந்து நாம் கூண்டை மூட்டை கட்டுகிற மாதிரி கட்டினால், எச்சத்தின் நெடியிலும் மூச்சு ஈரத்திலும் சளி பிடிக்கும். மூன்றாவதுதான் நான் செய்தது. கூட்டைச் சூடாக்குவதைப் பற்றி யோசிக்காதீர்கள். காய வைப்பதைப் பற்றி யோசியுங்கள். சூடு தேவைப்படுவது இறகு முளைக்காத குஞ்சுக்கு மட்டும். அதைத் தனியாகச் சொல்கிறேன், கதை பெரியது.

படுதா

நம் ஊரில் காற்றுக்கு இரண்டு முகம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே இருந்து வந்து ஆளையே தள்ளும். கார்த்திகை, மார்கழி, தையில் அப்படியே திரும்பிக்கொண்டு கிழக்கிலும் வடகிழக்கிலும் இருந்து அந்தக் கணவாயைப் பார்த்து ஓடும். முன்னது காய்ந்த காற்று. பின்னது சில்லென்று, விடியக்காலத்தில் ஈரத்தையும் சுமந்துகொண்டு வரும் வாடை. நம் ஆட்கள் ஆடிக்காற்றுக்குப் பயந்து மேற்கே படுதா கட்டுவார்கள். அப்புறம் அதைக் கழற்ற மறந்து, கிழக்கைத் திறந்தபடியே விட்டுவிட்டு, கோழிக்குச் சளி என்பார்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, மேற்கே இருப்பதை அவிழ்த்துக் கிழக்கிலும் வடக்கிலும் கட்டுவது. மேற்கும் தெற்கும் திறந்தே இருக்கட்டும். பகலில் தெற்கே சாய்ந்து வரும் வெயில் உள்ளே விழ வேண்டும். அந்த வெயிலைவிட நல்ல மருந்து கூட்டுக்கு இல்லை.

என் கூடு பத்தடிக்கு ஏழடி. அடியில் இரண்டடிக்கு ஹாலோபிளாக் சுவர், அதற்கு மேல் கம்பி வலை, மேலே சிமெண்ட் சீட். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி கணக்கு. இதைவிட நெருக்கினால் சூடு வரும் என்று நினைக்கலாம். சூட்டோடு நோயும் வரும்.

படுதாவுக்கு நான் தார்ப்பாயை விட்டுவிட்டேன். சோளத்தட்டைக் கற்றை கற்றையாக நெருக்கி வைத்து, குறுக்கே மூங்கில் பிளாச்சு (பிளந்த மூங்கில் பட்டை) கொடுத்துக் கட்டிய படல்தான். தட்டுப் படல் காற்றை நிறுத்தாது, நொறுக்கும். வேகமாக வருகிற வாடை அதற்குள் நுழைந்து மூச்சுவிடுகிற மாதிரி வெளியே வரும். ஈரம் உள்ளே தங்காது. மாசியில் பிரித்து மாட்டுக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன், மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எருக்குழிக்குப் போகிறது இப்போது. தட்டு கிடைக்காதவர்கள் பழைய தீவனச் சாக்குகளைப் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம், தென்னந்தடுக்கும் சரிதான்.

கட்டும் விதத்தில் ஒரு விஷயம் கம்பெனியில் கற்றது, அது இங்கேயும் அப்படியே பொருந்தியது. ஜன்னலுக்குத் திரை போடுகிற மாதிரி படுதாவை மேலே கட்டிக் கீழே தொங்கவிடக் கூடாது. கீழே கட்டி மேலே ஏற்ற வேண்டும். அப்போதுதான் கோழி இருக்கும் உயரம் மூடியிருக்கும், கூரைக்கு அடியில் இடைவெளி இருக்கும். கோழியின் மூச்சில் வரும் ஈரமும் எச்சத்தின் நெடியும் சூட்டோடு மேலே ஏறி அந்த இடைவெளியில் வெளியே போகும். அந்த இடைவெளி குறைந்தது ஒரு அடி, எத்தனை பனியானாலும், நான்கு பக்கமும். கூரையை முன்னே நீட்டி இறக்கியிருந்தால் சாரல் உள்ளே வராது. வலையை மட்டும் கூரை வரைக்கும் விடுங்கள், மரநாய்க்கு ஒரு அடி இடைவெளி என்பது ராஜபாட்டை.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ராத்திரி பத்து மணிக்கும் விடியக்காலம் நான்கு மணிக்கும் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு போய், கோழி அடைந்திருக்கும் கம்பின் உயரத்தில் பிடித்துப் பாருங்கள். புகை படுத்துக்கொண்டு ஓடினால் காற்று கோழி மேல் அடிக்கிறது, அந்தப் பக்கம் அடைக்க வேண்டும். புகை போக வழி தெரியாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி நின்றால் மூடிவிட்டீர்கள், மேலே திறக்க வேண்டும். மெதுவாக மேலே ஏறிக் கூரை ஓரத்தில் கரைந்தால் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

முதல் வருடம் நான் நீலத் தார்ப்பாய் வாங்கி, கூட்டைச் சுற்றிலும் அடி முதல் உச்சி வரை பார்சல் கட்டினேன். நான்கைந்து நாளில் கோழிகள் மூக்கைச் சிந்தின. கொர் கொர் என்று ராத்திரியில் சத்தம். ஒரு கண் மட்டும் வீங்கிய கோழி இரண்டு. பனிக்கு அது போதவில்லையென்று அதற்கு மேல் ஒரு சாக்கும் போர்த்தினேன். நான்கு செத்தபிறகு கால்நடை மருந்தகத்து டாக்டரைக் கூட்டிவந்தேன். அவர் கோழியைப் பார்க்கவே இல்லை. கூட்டுக்குள் போய்க் குந்தி உட்கார்ந்தார். "நீங்களும் இப்படி உட்காருங்க. இப்ப மூச்ச இழுங்க." இழுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நின்னு பாத்தா உங்களுக்குத் தெரியாது. கோழி ராத்திரி பூரா இந்த உயரத்துலதான் இருக்குது" என்றார். மருந்து எழுதித் தந்துவிட்டு, போகும்போது தார்ப்பாயை அவரே அவிழ்த்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து தினமும் காலையில் கூட்டைத் திறந்ததும் ஒரு தடவை குந்தி மூச்சு இழுப்பது எனக்குப் பழக்கம். பார்ப்பவர்கள் யோகா என்று நினைக்கிறார்கள்.

இன்னொரு அடையாளமும் இருக்கிறது. விடியக்காலம் சீட்டின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் அது பனி ஒழுகுவது அல்ல, உங்கள் கோழிகளின் மூச்சுதான். அது சொட்டி இறகை நனைக்கும். மேலே இன்னும் கொஞ்சம் திறந்துவிடுங்கள். சீட்டுக்கு மேல் தென்னந்தடுக்கு வேய்ந்தால் சீட்டு அந்த அளவுக்குச் சில்லிடாது, கோடையில் வெயிலுக்கும் ஆகும். சீட்டுக்கு அடியில் வேய வேண்டாம். எலி குடி வரும், எலி இருக்கும் இடத்துக்குப் பின்னாலேயே யார் வருவார் என்று தெரியும்.

கம்பும் உமியும்

கோழி ஏறி அடையும் கம்பு இரண்டு, இரண்டரை அங்குல அகலத்தில் பட்டையாக இருக்க வேண்டும். சவுக்குக் கம்பை அப்படியே உருட்டையாகக் கட்டுவார்கள். மெல்லிய கம்பானால் கோழி அதை விரலால் இறுக்கிப் பிடிக்கும், விரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பட்டையான கம்பில் கால் மேல் குந்தி உட்காரும்போது வயிற்று இறகு பாதத்தை மூடிவிடும். கோழியின் உடம்பில் இறகில்லாத இடம் பாதமும், தலையில் கொண்டையும் முகமும்தான். தலையை அது இறக்கைக்குள் செருகிக்கொள்ளும், பாதத்துக்கு நாம் வழி செய்துகொடுக்க வேண்டும். உயரம் இரண்டடி போதும். பெருவிடைக் கோழிகள், அதாவது பெரிய ரக நாட்டுக்கோழிகள், கனம், உயரத்திலிருந்து குதித்தால் கால் வீங்கும்.

தரைக்கு உமி. காங்கேயத்தைச் சுற்றி அரிசி ஆலைகள் நிறைய, உமிக்குப் பஞ்சமில்லை. உடைத்த நிலக்கடலைத் தோலும் நன்றாக இருக்கும். தேங்காய் நார்த்தூள் ஈரத்தை இழுக்கும், ஆனால் காய்ந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும், தொட்டால் குளிர்ச்சியாக இருப்பதைக் கொட்டினால் நாமே ஈரத்தை உள்ளே கொண்டுபோகிறோம். கோடையில் இரண்டு அங்குலம் போடுவதைப் பனிக்காலத்தில் நான்கு அங்குலம் போடுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை கிளறிவிட வேண்டும். கிளறக் கிளற எச்சம் உமியோடு கலந்து மெல்ல மக்கும். மக்கும்போது இளஞ்சூடு வரும். ஒரு மாதம் கழித்து உள்ளே கை விட்டுப் பார்த்தால் தெரியும்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறக்க வேண்டும். பிடி கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றால் ஈரம் அதிகம். மெல்ல உதிர்ந்தால் சரி. தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றித்தான் எப்போதும் முதலில் நனையும். பாத்திரத்தை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் பாதி ஈரம் குறையும். நனைந்த இடத்தை மட்டும் அள்ளி எறிந்துவிட்டுப் புது உமி போடுங்கள், மொத்தத்தையும் மாற்ற வேண்டாம். சுண்ணாம்புத் தூள் தூவச் சொல்வார்கள். ஈரத்தை இழுக்கும், உண்மைதான். ஆனால் எச்சத்தோடு சேரும்போது அந்தக் கண் எரியும் நெடியையும் கிளப்பிவிடும். பகலில் கோழியை வெளியே விட்டபிறகு தூவி, கிளறி, பொழுது சாய்வதற்குள் காற்றாட விடுங்கள். குஞ்சு இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

மூங்கில் பிளாச்சு அடித்து உயரத்தில் கூண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடைக்கு அது நல்ல கூண்டு. பனிக்கு அடியிலிருந்து காற்று வயிற்றில் அடிக்கும். தரையில் பாதிக்குச் சாக்கு விரித்து மேலே உமி போட்டால் போதும்.

குஞ்சு

இப்போது அந்தப் பத்தொன்பதின் கதை. ஐயாயிரம் குஞ்சு இருக்கும் கொட்டகையில் குஞ்சுகளின் கூட்டமே பாதிச் சூடு. ஐம்பது குஞ்சுக்கு அந்தப் பாதி கிடையாது. இது எனக்கு உறைக்கவில்லை. ஒரு பழைய மரப்பெட்டியில் உமி பரப்பி, அறுபது வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டுவிட்டுப் படுக்கப்போனேன். ராத்திரி பதினொன்றரை வாக்கில் கரண்ட் போயிருக்கிறது. பல்பு அணைந்ததும் குஞ்செல்லாம் சூடு தேடி ஒரு மூலைக்கு ஓடி, ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. விடியக்காலம் பார்த்தபோது மூலையில் ஒரு குவியல். மேலே இருந்தவை கத்திக்கொண்டிருந்தன. அடியில் இருந்தவை தட்டையாகக் கிடந்தன. குளிர் கொன்றது பாதி, மூலை கொன்றது பாதி.

அதனால் முதல் சட்டம், குஞ்சு இருக்கும் இடத்தில் மூலையே இருக்கக் கூடாது. வட்டமாக அடைக்க வேண்டும். ஒன்றரை அடி உயரத் தகடு இருந்தால் நல்லது. நான் திருப்பூர் பனியன் கம்பெனி அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, பட்டையாக வெட்டி, ஒன்றோடொன்று தைத்து வட்டம் செய்கிறேன். ஐம்பது குஞ்சுக்கு நான்கடி குறுக்களவு. முடிந்ததும் எரித்துவிடலாம், கழுவுகிற வேலை இல்லை.

உள்ளே மூன்று அங்குலம் உமி. முதல் இரண்டு நாள் அதன் மேல் காகிதம் விரியுங்கள், இல்லாவிட்டால் தீவனம் என்று நினைத்து உமியைத் தின்னும். வழவழப்பான காகிதம் கூடாது, கால் வழுக்கி அகன்றுபோகும்.

பல்பு, குண்டு பல்பாக இருக்க வேண்டும். எல்.இ.டி. வெளிச்சம் தரும், சூடு தராது. கடையில் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஒரு குஞ்சுக்கு இரண்டு வாட் கணக்கு. ஐம்பது குஞ்சுக்கு நூறு வாட் பல்பு ஒன்றைவிட, அறுபதும் நாற்பதுமாக இரண்டு போடுங்கள், ஒன்று பியூஸ் போனால் இன்னொன்று காப்பாற்றும். உமியிலிருந்து ஒன்றரை அடி உயரம். ஒயரிலேயே தொங்கவிடாதீர்கள். சங்கிலியோ கம்பியோ கட்டித் தொங்கவிடுங்கள், பல்பைச் சுற்றி வலைக்கூடு இருக்கட்டும். பல்பு அறுந்து உமியில் விழுந்தால் கொட்டகையே போய்விடும். இது பயமுறுத்தலுக்குச் சொல்வதல்ல, எரிந்த பண்ணையை நான் போய்ப் பார்த்திருக்கிறேன்.

முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், அதாவது 35 செல்சியஸ். அதற்கப்புறம் வாரத்துக்கு ஐந்து பாரன்ஹீட் குறைத்துக்கொண்டே வரவேண்டும். பல்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினால் குறைந்துவிடும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் குஞ்சையே பாருங்கள், அது இன்னும் சரியாகச் சொல்லும். பல்புக்கு அடியில் கும்பலாகக் கீச் கீச்சென்று கத்தினால் குளிர். வட்டத்தின் ஓரத்துக்கு ஒதுங்கி வாயைத் திறந்து இளைத்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தால் எதிர்ப்பக்கத்தில் இருந்து காற்று வருகிறது. அங்கங்கே பரவி, சில தின்றுகொண்டும் சில கால் நீட்டித் தூங்கிக்கொண்டும் இருந்தால் தொடாதீர்கள்.

நம் ஊர்ப் பனிக்காலத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு 30 டிகிரி வந்துவிடும். முதல் வாரம் கழிந்தால் பகலில் பல்பை அணைத்துவிடலாம். பொழுது சாயும்போது போட்டு, வெயில் ஏறியபிறகு அணைப்பது. நான்கு வாரத்தில் இறகு மூடிவிடும். அப்புறமும் ஒரு வாரம் விடியக்காலத்துக்கு மட்டும் வைத்திருங்கள்.

கரண்ட் போனால் என்ன செய்வது? இதற்கு அம்மாவிடம்தான் வைத்தியம் இருந்தது. மண்பானை ஒன்றில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, வாயை இறுக மூடி, சாக்கைச் சுற்றி, வட்டத்துக்கு நடுவில் வைப்பது. குஞ்சுகள் பானையைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும், மூன்று மணி நேரம் தாங்கும். பானை உருளாமல் அடியில் மணல் பிரிமனை வைக்க வேண்டும். இப்போது குஞ்சு வைத்திருக்கும் நாட்களில் ராத்திரி படுக்கும்போதே பானையை அடுப்பு ஓரத்தில் தயாராக வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். தேங்காய்த் தொட்டிக் கரியைத் தகர டின்னில் போட்டு வைப்பவர்களும் உண்டு. கம்பெனிப் பண்ணைகளில் கரிதான். ஆனால் அது நாலாபுறமும் காற்றோடும் பெரிய கொட்டகை. வீட்டு அறையையோ சின்னக் கூட்டையோ மூடிக்கொண்டு கரி வைத்தால், அந்தக் கரிப்புகைக்கு நிறமும் இல்லை வாசமும் இல்லை, குஞ்சையும் கொல்லும், பக்கத்தில் படுத்திருக்கும் ஆளையும் கொல்லும். பானைத் தண்ணீர் போதும்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அடைக்கோழிக்கு நிகரான பல்பு கிடையாது. கரண்ட் போகாது, பியூஸ் போகாது, சூடு தானாகக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். வாங்கிவந்த குஞ்சாக இருந்தாலும், ஒரு வாரத்துக்கு மேல் அடை படுத்திருக்கிற கோழி இருந்தால், ராத்திரி நன்றாக இருட்டியபிறகு அடியில் இருக்கும் முட்டையை எடுத்துவிட்டுக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக இறக்கைக்குக் கீழே செருகலாம். பிறந்து இரண்டு மூன்று நாளுக்குள் இருக்கும் குஞ்சாக இருக்க வேண்டும், எல்லாம் ஒரே வயதாக இருக்க வேண்டும். காலையில் வெளிச்சம் வரும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். கொத்தினால் உடனே பிரித்துவிடுங்கள். பெருவிடைக் கோழிக்குப் பன்னிரண்டு குஞ்சு வரைக்கும் விடலாம். சின்ன ரகமான சிறுவிடைக்கு எட்டு. பனிக்காலத்தில் எண்ணிக்கையில் பேராசை வேண்டாம், இறக்கைக்கு வெளியே நிற்கும் குஞ்சுதான் முதலில் போகும்.

தாயும் குஞ்சுமாக அம்மா வைக்கும் இடம் சமையல்கட்டுத் தாழ்வாரம். விறகடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம். அடுப்பு அணைந்து வெகு நேரம் வரைக்கும் சுவர் வெதுவெதுப்பாக இருக்கும். கீழே சாக்கு, மேலே உமி, அதற்கு மேல் மூங்கில் கொடாப்பு, கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை. கொடாப்பின் மேல் ஒரு பழைய சென்னிமலை பெட்சீட், சுவர்ப்பக்கம் ஒரு சாண் திறந்து. அந்த பெட்சீட் எங்கள் கல்யாணத்துக்கு வாங்கியது. என் வீட்டுக்காரி இன்றைக்கும் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பாள்.

அம்மா ஐப்பசி, கார்த்திகையில் அடை வைக்க விடமாட்டாள். மார்கழிக் கடைசியில் வைத்தால் இருபத்தொரு நாளில் தையில் பொரிக்கும், பனி குறையக் குறைய இறகு வளரும் என்பது அவள் கணக்கு. நான் அதை மூடநம்பிக்கை என்று நினைத்துத்தான் கார்த்திகையில் குஞ்சு வாங்கினேன்.

காலையில் திறப்பதும் மாலையில் போடுவதும்

பெரிய கோழியை விடிந்ததும் திறந்துவிடலாம். குஞ்சோடு இருக்கும் கோழியை மட்டும் வெயில் ஏறி, புல்லில் பனித்தண்ணீர் காய்ந்தபிறகு திறங்கள். எங்கள் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) கொழுக்கட்டைப் புல் விடியக்காலம் முழங்கால் வரை நனைக்கும். தாய் அதற்குள் புகுந்து நடந்தால் குஞ்சு வயிறு நனைந்து, பத்து நிமிஷத்தில் ஒடுங்கி நின்றுவிடும். அப்படி நனைந்த குஞ்சைக் கண்டால் துணியால் ஒற்றித் துடைத்து, பல்புக்கு அடியிலோ மடியிலோ காயவைத்தபிறகுதான் தீவனம். எட்டு மணிக்கு முன்னால் நான் கொடாப்பைத் தூக்குவதில்லை.

மாலையில் அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மக்காச்சோளமோ கம்போ சோளமோ ஒரு கோழிக்கு ஒரு சிறங்கை போடுங்கள். தானியம் இரைப்பையில் நின்று ராத்திரி முழுக்க மெல்லச் செரிக்கும், செரிக்கச் செரிக்க உடம்பில் சூடு பிறக்கும். வெறும் குருணை போட்டால் நடுராத்திரிக்குள் தீர்ந்துவிடும். குளிரில் கோழி வழக்கத்தைவிடக் கூடத் தின்னும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சில்லென்று இருந்தால் குறைவாகக் குடிக்கும், அதனால் ராத்திரித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காலையில் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் புதிதாக வையுங்கள்.

முட்டை குறைவது குளிரால் மட்டும் அல்ல. கோழி முட்டையிடுவது வெளிச்சத்தைப் பொறுத்தது. மார்கழியில் நம் ஊரில் பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம்தான். பதினான்கு மணி நேர வெளிச்சம் வேண்டுமென்றால் விடியக்காலம் நான்கரைக்கு ஒரு சின்ன எல்.இ.டி. போடலாம். நான் போடுவதில்லை. அதுவும் இறகு உதிர்த்துப் புது இறகு போடும் காலம் இது, இரண்டு மாதம் ஓய்வெடுக்கட்டும். விற்பனைக்கு வளர்ப்பவர்கள் பாடு வேறு.

நோய்க்கு ஒரே ஒரு விஷயம். வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போடாமல் படலும் பல்பும் வைத்துப் பயனில்லை. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. பிப்ரவரி வாக்கில் கால்நடைத் துறை ஊர் ஊராக முகாம் போட்டு இலவசமாகவே ஊசி போடுகிறது. தண்டோரா காதில் விழவில்லையென்றால் மருந்தகத்தில் கேட்டுவிடுங்கள். சளிக்கு அம்மா சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள், துளசி அரைத்து உருண்டை கொடுப்பாள். கொடுக்கலாம், கெடுதலில்லை. ஆனால் முகம் வீங்கினாலோ, கோழி தீவனத்தைப் பார்த்தும் எழுந்து வராவிட்டாலோ அதைத் தனியே பிரித்து வைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

தாளவாடி, பர்கூர் மாதிரி மேட்டுப் பகுதியில் இருப்பவர்களுக்கு என் கணக்கு சரிவராது. அங்கே ராத்திரி இன்னும் கீழே இறங்கும், குஞ்சுக்கு ஆறு வாரம் வரைக்கும் சூடு வேண்டியிருக்கும். ஆனால் கூரைக்கு அடியில் ஒரு அடி என்பது அங்கேயும் அதேதான்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அதனால் தை பிறந்ததும் அவசரப்பட்டுப் படலை அவிழ்க்காதீர்கள். பகலில் வெயில் சுடும், விடியக்காலம் முன்னைவிட அதிகமாகவே பனி கொட்டும். மாசி பாதியில் முதலில் வடக்குப் படல், பத்து நாள் கழித்துக் கிழக்குப் படல். உமியை மொத்தமாக அள்ளி, கூட்டைப் பெருக்கி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டுவிட்டுப் புது உமியை இரண்டு அங்குலம் மட்டும் போடுங்கள். அள்ளிய உமியை அப்படியே மரத்தடியில் கொட்டினால் வேர் வெந்துபோகும், குவித்து வைத்து, தண்ணீர் தெளித்து, இரண்டு மாதம் மக்கவிட வேண்டும். எங்கள் வீட்டில் அது யாருக்கு என்பதில் வருடா வருடம் சண்டை. நான் தென்னைக்கு என்பேன். அம்மா ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு கூடை முருங்கைக்குக் கொண்டுபோயிருப்பாள்.